ஏலப்பூ செய்த நாட்கள்

அன்வர்,

நீ போனை எடுக்கவில்லை என்பதற்காக இதை எழுதவில்லை. எடுத்திருந்தாலும் இதை என்னால் வாய்விட்டுச் சொல்லியிருக்க முடியாது. பத்தொன்பது நாளாகப் போனைக் கையில் எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருக்கிறேன். உன் பெயரை அழுத்துவேன், மணி இரண்டு தடவை அடிக்கும், எடுத்துவிடுவாயோ என்று பயந்து நானே வைத்துவிடுவேன். என்னிடமிருந்து வந்து நின்றுபோன அழைப்புகளில் பாதி அப்படி வைத்தவைதான். எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. முடி கனமுள்ள வெள்ளிக் கம்பியை வளைத்து வளையம் போடுகிற கை, பேனாவைப் பிடித்துப் பழகவில்லை. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசி வரை படி. படித்துவிட்டு சபீனாவிடமும் கொடு. அவளுக்கும் தெரிய வேண்டியது இதில் இருக்கிறது.

அன்று நடந்ததை அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதெல்லாம் உண்மை, ஒரு வார்த்தைகூடக் கூடுதல் இருக்காது. நாலு மாதக் கர்ப்பத்தோடு பத்து நாள் மாமியாரோடு இருக்கலாம் என்று கோயம்புத்தூரிலிருந்து வந்த பிள்ளை. முதல் நாளே, "மாமி, எனக்கும் வெள்ளி பத்தவைக்கச் சொல்லிக்குடுங்களேன்" என்று கேட்டாள். பிரசவம் முடியட்டும் என்றேன். நாலாம் நாள் நான் ஒரு பார்சலை அனுப்புவதற்காகத் தபாலாபீசு வரை போயிருந்தேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே காஸ் சுடரின் சத்தம் கேட்டது. பின்னறையில் என் முக்காலியில் சபீனா உட்கார்ந்திருந்தாள். கையில் ஊதுகுழல். மேடையில் கட்டைவிரல் பருமனில் ஒரு குட்டி வெள்ளிக் காப்பு. அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய பவுடர் டப்பா திறந்திருந்தது. நான் புழங்குகிற பற்றுப்பொடி தீர்ந்துபோயிருந்தது. இரண்டு வெள்ளி முனைகளை ஒட்டவைக்க அந்தப் பொடி வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தேடியிருக்கிறாள். அடி இழுப்பறையின் பின்னால் நான் தள்ளி வைத்திருந்த அந்த டப்பா அவள் கையில் அகப்பட்டிருக்கிறது.

நான் ஓடிப்போய் அவள் கையில் அடித்தேன். ஊதுகுழல் விழுந்து அவள் துப்பட்டாவின் ஓரம் கருகியது. "எந்திரி! யாரைக் கேட்டு இங்க உக்காந்தே? என் சோலில கைய வைக்காதே. வெளிய போ. வெரசாப் போ!" என்று கத்தினேன். "புள்ளைக்கு ஒரு காப்பு செஞ்சு உங்ககிட்டக் காட்டலாம்னுதான் மாமி..." என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். மறுநாள் காலை பஸ்சுக்கு அவள் கிளம்பியபோது நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. அன்று நீ போனில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வாயும் வயிறுமா இருக்கிறவள அடிச்சுத் தள்ளியிருக்கீங்க. உங்களுக்கு எப்பவுமே உங்க பட்டறைதாம்மா பெருசு. நாங்கள்லாம் அதுக்கு அப்புறம்தான்." அந்த டப்பாவில் இருந்தது என்னவென்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு இருபத்து நாலு வருஷத்துக் கதை பின்னாலேயே வெளியே வந்துவிடும். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்று கண்காட்சிகளில் வருகிறவர்கள் கேட்பார்கள். நீ ஒருநாளும் கேட்டதில்லை, பிறந்ததிலிருந்து பார்த்ததால் கேட்கத் தோன்றியிருக்காது. உன் மாமா மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். சிலமலைப் பக்கமிருந்து எரிந்துபோன பம்புசெட்டு மோட்டார்கள் வரும். உள்ளே இருக்கும் செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுசு சுற்றுவார். உருவிய கம்பியில் ஒரு கை நான் எடுத்துக்கொள்வேன். நிக்காஹ் முடிந்து இந்த வீட்டுக்கு வந்தபோது என் பெட்டியில் அப்படி ஒரு சுருள் இருந்தது. நீ தூங்குகிற நேரமெல்லாம் எதையாவது முறுக்கிக்கொண்டிருப்பேன். எதைப் பார்த்தாலும் எனக்குக் கம்பியாகத்தான் தெரியும். பப்பாளி இலையின் நரம்பு, பாகற்காயின் முதுகு, மாலையில் மாடியில் நின்றால் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிகிற மலைகளின் விளிம்பு. அந்த விளிம்பை ஒரே கம்பியில் இழுத்துக் கழுத்துக்குப் போட்டுவிடலாம் என்று தோன்றும். சமையலில் கை இருக்கும், மனசு அதில் இருக்காது. எத்தனை நாள் உனக்குத் தீய்ந்த தோசை போட்டிருக்கிறேன்.

உன் அத்தாதான் எனக்குப் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். அப்போது அவர் சொந்த ஜீப்பில் மலைக்குப் போய், எஸ்டேட்டுகளில் ஏலக்காய் வாங்கி வந்து போடியில் விற்றுக்கொண்டிருந்தார். சிலிண்டரும் ஊதுகுழலும் மதுரையிலிருந்து வாங்கி வந்தார். பள்ளிவாசலிலிருந்து வரும்போது ஒருவர் அவரை நிறுத்தி, "என்னப்பா, ஒன் வீட்டுக்காரி நெருப்பு ஊதிக்கிட்டு உக்காந்திருக்காளாம்ல?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாண்ணே, நல்லா ஊதுறா. வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும். அந்த வயதில் அவரை நீ பார்த்திருக்கிறாய், உனக்கு நினைவிருக்காது. பின்னால் நீ பார்த்தது வேறு மனிதரை. அவரை அப்படி ஆக்கியது யார் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு ஆறு வயது. நான் மறுபடி கர்ப்பமாக இருந்தேன், ஐந்து மாதம் முடிந்திருந்தது. போடியில் பிறந்து, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். ஆனால் ஏலப்பூவை ஒருநாளும் பார்த்ததில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் அத்தா, "செடி ஆள் உசரத்துக்கு மேல நிக்கும் புள்ள. பூவு மட்டும் கீழ மண்ணுல படுத்துக் கெடக்கும். ஒரு நாள்தான், மறுநாள் வாடிரும்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. என்னைக் கூட்டிப் போங்கள் என்று பிடித்துக்கொண்டேன். பிரசவம் ஆகட்டும் என்றார். "அப்பப் பூ இருக்காதுங்க" என்றேன். இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் உன்னை மாமா வீட்டில் விட்டுவிட்டு, முன் சீட்டில் இரண்டு தலையணை வைத்து, என்னை ஏற்றிக்கொண்டு குரங்கணி வழியாக மேலே போனார். மாட்டுவண்டி மாதிரி ஓட்டினார். பின்னால் வந்த ஜீப்புக்காரர்கள் ஆரன் அடித்துவிட்டு முந்திப் போனார்கள். ஒரு திருப்பத்தில் மட்டும் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. உடனே நிறுத்தினார். "வலிக்குதா?" என்றார். "இல்லவே இல்ல, போங்க" என்றேன். உண்மையாகவே வலிக்கவில்லை.

தோட்டத்தில் ஈரச் சருகின் மேல் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தை மண்ணோடு வைத்து அந்தப் பூவைப் பார்த்தேன். மெல்லிசாக மூன்று வெள்ளை இதழ். நடுவில் அகலமாக ஒரு உதடு, அதில் ஊதா மையில் நிப்பால் இழுத்த மாதிரி கோடுகள். களையெடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஓடிவந்து, "சேச்சி, அட்டை கேறும். எந்திரிங்க" என்றாள். அட்டை ஏறித்தான் இருந்தது, இரண்டு இடத்தில். எனக்குத் தெரியவில்லை. உன் அத்தா சுண்ணாம்பு வாங்கித் தடவிக்கொண்டே, "இப்பத் திருப்திதான?" என்றார். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை என்று சொன்னால் உனக்குக் கஷ்டமாக இருக்கும். நீ பிறந்த நாளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உண்மையை எழுதுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பி வந்ததும் வேலையைத் தொடங்கினேன். ஆடிக்காற்று அடிக்கிற காலம். நம் ஊரில் அந்தக் காற்று எப்படி என்று உனக்குத் தெரியும், கொடியில் காயும் வேட்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஜன்னல் இம்மி திறந்திருந்தாலும் சுடர் ஒரு இடத்தில் நிற்காது. அதனால் ஜன்னலைச் சாத்தினேன், கதவின் இடுக்கில் சாக்கைச் செருகினேன். வெள்ளித் தகட்டை வெங்காயத் தோல் அளவுக்குத் தட்டி இதழ் வெட்டினேன். உதட்டை இதழ்களோடு சேர்ப்பதுதான் சிரமம். சூடு ஒரு துளி குறைந்தால் ஒட்டாது, ஒரு துளி கூடினால் மொத்தமும் சுருண்டு சொட்டாகிவிடும். அதற்குத் தோதான பொடி ஒன்று அப்போது எல்லாப் பட்டறையிலும் இருந்தது. நகைக்கடைப் பலகைகளில் கே.டி.எம். என்று பெருமையாக எழுதியிருப்பார்களே, அந்த கேடியம், அதாவது காட்மியம், கலந்த பொடி. குறைந்த சூட்டில் தண்ணீர் மாதிரி ஓடும். ஓடும்போது மஞ்சளாக லேசாகப் புகை எழும். நாக்கில் ஒரு தித்திப்பு ஒட்டும். பன்னிரண்டு நாள் அந்த அறையில் அதை ஊதினேன். சாயங்காலம் ஆனால் குளிர் நடுக்கம் வரும், நெஞ்சு இறுகும். மாசமாக இருக்கிற அசதி என்று நினைத்துக்கொண்டேன். உன் அத்தா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பொகையாக் கெடக்கே. ஜன்னலத் தொறந்து வையி புள்ள" என்றார். "தொறந்தா நெருப்பு நிக்காதுங்க. இன்னும் ரெண்டே ரெண்டு இதழ்தான்" என்றேன். அவர் சொன்னார், அன்வர். இதை நீ மறந்துவிடாதே. அவர் சொன்னார், நான் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பூ வந்தது. உயிரோடு வந்தது என்றே சொல்லுவேன், கையில் வைத்தால் இதழ் அசைந்தது. பதிமூன்றாம் நாள் மத்தியானம் இடுப்பில் வலி பிடித்தது. அதே ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பெண் குழந்தை. அழவில்லை. நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து, "எங்கயாச்சும் அலைஞ்சாங்களா? வண்டில கிண்டில போனாங்களா?" என்று கேட்டாள். கதவு திறந்திருந்தது, எனக்குக் கேட்டது. "நாந்தாம்மா. நாந்தான் ஜீப்புல மலைக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்று உன் அத்தா சொன்னார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. என் நாக்கில் இன்னும் அந்தத் தித்திப்பு இருந்தது. எனக்கு அப்போது அது விஷம் என்று தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்று என் அறைக்குள் நடந்தது என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னால் அறையைப் பூட்டிவிடுவார்கள் என்று பயந்தேன். குழந்தையைப் பறிகொடுத்துப் படுத்திருக்கிறவள் பட்டறையை நினைத்துப் பயந்தேன். உன் அத்தா வெள்ளைத் துணியில் சுற்றி அவளைத் தானே ஏந்திக்கொண்டு மையவாடிக்குப் போனார்.

ஒரு மாதத்துக்குள் ஜீப்பை விற்றார். மலை வியாபாரத்தை விட்டுவிட்டு மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வைத்தார். அதன் பிறகு அவர் மலைப்பாதையில் ஒரு வண்டியிலும் ஏறவில்லை. உனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது மலைமேல் பூப்பாறையில் ஒரு நிக்காஹ், எல்லோரும் கிளம்பினோம். அவர் கடையைச் சொல்லி நழுவினார். நீ அவர் காதுபடவே, "அத்தா ஒரு பயந்தாங்கொள்ளிம்மா. பஸ்சுல மெட்டு ஏறுறதுக்கே நடுங்குறாரு" என்றாய். அவர், "ஆமாடா, ஒங்க அத்தாவுக்குப் பயம்தான்" என்று சிரித்தார். தோள் குலுங்கவில்லை. நான் கண்ணாடி முன் நின்று தோடு மாட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளி ஏலப்பூத் தோடு. எனக்கு அப்போது எல்லாம் தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்க்காமல் திருகாணியை முறுக்கினேன்.

எப்போது தெரிந்தது என்றால், உனக்குப் பத்து வயதாக இருந்தபோது நான் சென்னைக்குப் பத்து நாள் பயிற்சிக்குப் போனேனே, அப்போது. அங்கே சொல்லிக்கொடுத்த, முப்பது வருஷம் உலோகத்தோடு இருந்த ஒரு அம்மா என் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதையா போடறீங்க? இது விஷம்ங்க. மூடின அறையில இதை ஊதினா நெஞ்சு போகும், கிட்னி போகும். மாசமா இருக்கிறவங்க பக்கத்துலயே வரக் கூடாது" என்றார். நான் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தேன். ரயிலிலும் மதுரையிலிருந்து பஸ்சிலுமாக வரும்போது முழு வழியும் மனப்பாடம் செய்தேன், இறங்கியதும் இப்படித் தொடங்க வேண்டும், இப்படிச் சொல்ல வேண்டும் என்று. பஸ் ஸ்டாண்டில் உன் அத்தா நின்றிருந்தார். பையை வாங்கிக்கொண்டு, "என்ன கத்துக்கிட்டு வந்தே?" என்றார். "ஜன்னலத் தொறந்து வைக்கணுமாம்" என்றேன். "இதுக்கா சென்னை வரைக்கும் போன? நான் எப்பவோ சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

மறுநாளே ஜன்னலைப் பெரிதாக இடித்துக் கட்டினோம், காற்று இழுக்கும் விசிறி வைத்தோம், கேடியம் இல்லாத பொடிக்கு மாறினேன். அந்த டப்பாவை மட்டும் எறியவில்லை. எறிந்துவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன் என்று தோன்றியது. வைத்திருந்ததால் மட்டும் நான் நேர்மையாகிவிட்டேனா? இல்லை. என் மனசாட்சிக்கு என்று பத்திரப்படுத்திய விஷத்தைத்தான் உன் மனைவி எடுத்து ஊதினாள். இதற்கிடையில் ஏலப்பூ ஊர் ஊராகப் போனது. அதைத் தோடாக, பதக்கமாக, கொண்டை ஊசியாக எத்தனை செய்திருப்பேன். இதற்கு எது தூண்டுதல் என்று கேட்பவர்களிடம், மலையில் ஒரு நாள் மட்டும் பூக்கும் பூ என்று சொல்வேன். கேட்டவர்கள் கண் விரியும்.

அவரிடம் சொல்ல எனக்குப் பதினாலு வருஷம் இருந்தது. கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஒரு பகல் வேளை, நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். அவர் கண்ணை மூடியபடியே, "அந்தத் திருப்பத்துல இன்னும் கொஞ்சம் மெதுவாப் போயிருக்கலாம்ல?" என்றார். எந்தத் திருப்பம் என்று நான் கேட்கவில்லை. பதினெட்டு வருஷமாக அவர் அந்தத் திருப்பத்திலேயே நின்றிருக்கிறார். "விடுங்க. அல்லாஹ் நாடுனது" என்றேன். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி என் பெயரை மறைத்துக்கொண்டேன். நாலு நாளில் அவர் போய்விட்டார்.

இதுவரை எழுதியது போன வெள்ளிக்கிழமை. இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். தபாலில் இது உன்னிடம் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். ஏற்கெனவே பத்தொன்பது நாளைத் தின்றுவிட்டேன். என் கதையை அழகாகச் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பிள்ளை காத்திருக்க வேண்டுமா? மறுபடியும் அதே தப்பைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று புரிந்தது. சபீனாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சபீனா, அந்த டப்பால இருந்தது பழைய பொடி. விஷம். நீ எத்தனை தடவை ஊதுன?"

"ஒரு தடவைதான் மாமி. ஏன், என்ன ஆச்சு?"

"உருகுச்சா? பொகை வந்துச்சா?"

"மினுங்குற மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. பொகையெல்லாம் கவனிக்கல." பிறகு அவளே கேட்டாள். "ஏன் மாமி அன்னிக்கே சொல்லல?"

"பயம்மா."

"பயப்பட வேண்டியது நான்ல மாமி?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் காதில் நிற்கிறது. டாக்டரிடம் உடனே போ, கேடியம் என்று பெயரைச் சொல், அன்வரையும் கூட்டிக்கொண்டு போ, மற்றதை நான் அவனுக்கு எழுதுகிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை அவளே கூப்பிட்டாள். இரத்தம், சிறுநீர் இரண்டையும் சோதித்ததில் கவலைப்படும்படி எதுவும் இல்லை, ஸ்கேனிலும் குழந்தை நன்றாக இருக்கிறது, ஒரு நிமிஷம் அதுவும் விசிறி ஓடுகிற அறையில் என்பதால் பெரிதாக எதுவும் ஆகியிருக்காது, ஆனாலும் கடைசி வரை கவனமாகப் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். பின்னால் உன் இருமல் கேட்டது. போனை உன்னிடம் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையே அந்தப் புகையையும் ஜீப்பையும் அவளிடம் சுருக்கமாகச் சொல்லி, என் குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்றும் அந்த டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருந்தேன். இத்தனை வருஷம் கழித்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். புகையாகவும் இருக்கலாம், வண்டியாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம்.

நீ சொன்ன குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அன்று அறைக்குள் ஓடி வந்தபோது, சபீனாவின் கையைத் தட்டுவதற்கு முன்னால், ஒரு கணம் என் கண் மேடையின் மூலைக்குப் போனது. பாதி முடித்து வைத்திருந்த ஒரு ஏலப்பூ அங்கே இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்தது. அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். யாரும் கவனித்திருக்க முடியாது. எனக்குத் தெரியும். அதனால் பட்டறைதான் பெரிது என்று நீ சொன்னது முழுப் பொய்யில்லை. எனக்கு என்னைக் கண்டாலே பயமாக இருப்பது அந்த ஒரு கணத்தினால்தான். இந்த வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கலாம். எழுத மாட்டேன், அது இன்னொரு பொய்யாகிவிடும். இருபத்து நாலு நாளாக நெருப்பு வைக்கவில்லை. மறுபடி வைப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

உனக்கு என்ன புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். இந்த ஐந்து மாதமும் நீ பயப்படுவாய், உன் முகம் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தைக் கோபமாக மாற்றி அவளிடம் காட்டாதே, நான் காட்டினேன். ஒன்றும் ஆகாது என்று சொல்லி அவள் வாயை அடைக்காதே, நான் உன் அத்தாவின் வாயை அப்படித்தான் அடைத்தேன். பயமாக இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல். அவள் தாங்குவாள். என்னிடம் பேசியதிலிருந்து எனக்கு அது தெரிகிறது. ஒருநாள் அவளையும் ஒரு வேலை பிடித்துக்கொள்ளும், சோறு தண்ணி மறந்து உட்காருவாள் என்று தோன்றுகிறது, அந்தக் காப்பை அவள் வளைத்திருந்த விதத்தைப் பார்த்தேன். அப்போது உன் அத்தா எனக்கு நின்றதுபோல நீ அவளுக்கு நில். அவள் ஜன்னலைத் திறக்கவில்லை என்றால் நீ போய்த் திற. அவள் கத்தினாலும் திற.

நீ என்னிடம் இனி எப்படி இருப்பாய் என்று தெரியாது. அந்தப் பயம் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகும் போகாது. அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறேன். நம் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. இந்த ஆறு வருஷத்தில் சுவர் ஓரம் வரை நாலைந்து தடவை போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன். அடுத்த முறை நீ போடிக்கு வரும்போது, என் வீட்டுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, நேரே உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்று ஓது. ஓதி முடித்ததும் இதைச் சொல். பூப் பார்க்கணும் என்று அடம் பிடித்தது அம்மாதான் என்று சொல். ஜன்னலைத் திறக்கச் சொல்லி நீங்கள் சொன்னதை அம்மா ஒத்துக்கொண்டாள் என்று சொல். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதற்கு நீயும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள். எது காரணம் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அதை நீங்கள் ஒருவரே சுமந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்.

அந்தத் திருப்பத்தில் அவர் மெதுவாகத்தான் ஓட்டினார், அன்வர். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா